நீலப் பெட்டியும் பச்சைப் பெட்டியும்

எதுல வேணும்னாலும் வாங்குங்க அத்தை என்று யாழினி சொல்லிவிட்டாள், பதினோராவது பிறந்த நாளுக்கு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, படகு விளையாட்டின் இரண்டாம் பாகம், வீட்டில்தான் இரண்டு மெஷினும் இருக்கிறதே, அவள் அப்பாவின் பழைய பிளேஸ்டேஷன் ஒன்று, போன வருடம் அவள் மாமா மஸ்கட்டிலிருந்து அனுப்பிய எக்ஸ்பாக்ஸ் ஒன்று, எதில் போட்டாலும் ஓடும், அவளுக்கு எல்லாம் ஒன்றுதான், எனக்குத்தான் ஒன்றாக இல்லை. தில்லை நகரில் மாடிப்படி ஏறி இந்தக் கடைக்குள் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. இடது கையில் நீலப் பெட்டி, அது பிளேஸ்டேஷனுக்கு. வலது கையில் பச்சைப் பெட்டி, அது எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டின் மேலும் ஒரே படம், கரும்பச்சைக் கடல், முன்னால் ஒரு படகு, பின்னால் ஓட்டை விழுந்த படகு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கயிறு. கயிறு மட்டும் பச்சைப் பெட்டியில் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது, அச்சில் வந்த வித்தியாசமாக இருக்கும், அல்லது என் கண்ணில். மணி மூன்றரை. ஆறு மணிக்குக் கேக் வெட்டுகிறார்கள். கடைக்காரர் ஜபருல்லா மேசை விளக்குக்குக் கீழே ஒரு கண்ட்ரோலரைப் பிரித்துப் போட்டுத் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறார், அவசரமில்லை மேடம், பாருங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், பதினெட்டு வருடமாக ஊசி குத்துகிறவள், ஒரு பெட்டியை எடுத்துக் காசு கொடுத்துவிட்டுப் போவதற்கு என் கை இப்படி வியர்க்க வேண்டியதில்லை.

உள்ளே வந்ததுமே நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது, ரெண்டுக்கும் என்ன பாய் வித்தியாசம் என்று. அவர் பாட்டுக்குப் படம் பச்சையில பளிச்சுன்னு இருக்கும் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் பச்சையை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். “முதல் பாகம் ஆடியிருக்காங்களா வீட்ல?” என்று கேட்டார். ஆடியிருக்காங்க, பிளேஸ்டேஷன்ல என்றேன். “அப்ப நீலம்தான் மேடம் சரி. அதே மெஷின்ல போட்டா, பழைய ஆட்டத்துல சேவ் ஆகியிருக்கறதை இது தானாவே எடுத்துக்கும். முதல் பாகத்துக் கடைசில கயிறை அறுத்தாங்களா, விடாமப் பிடிச்சிருந்தாங்களான்னு பாத்து, அதுலேர்ந்து கதையைத் தொடங்கும்.” பச்சைன்னா, என்று கேட்டேன். “அதுக்குப் பழசு எதுவும் தெரியாதுல்ல. ஆரம்பத்துல ஒரு கேள்வி கேக்கும், கடைசில என்ன செஞ்சீங்கன்னு. உங்க இஷ்டம்தான், எதை வேணா சொல்லிக்கலாம்.” எதை வேணா சொல்லிக்கலாம். சொல்லிவிட்டு அவர் திரும்பத் திருகாணிக்குப் போய்விட்டார். எனக்குக் கடையின் ஏசி திடீரென்று அந்த அறையின் ஏசி மாதிரி ஆகிவிட்டது, டயாலிசிஸ் அறை, பத்துக் கட்டில், பத்து மெஷின், ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் லேசாக இரும்பு வாசனை, அது ரத்தத்தின் வாசனை என்று எனக்குத் தெரியும், பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது கட்டிலில் என் தம்பி திருமாறன், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு வருடம். போன ஜூலைக்கு முந்தின ஜூலையில் போய்விட்டான். முப்பத்தாறு வயது.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் லேபிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போவேன். அவன் மனைவி மேகலா வேலையிலிருந்து வர ஏழாகும், யாழினி டியூஷனில் இருப்பாள், நானும் அவனும் மட்டும்தான். ஹாலில் கட்டிலைப் போட்டு, தலையணை இரண்டை முதுகுக்கு வைத்து உட்கார்ந்து ஆடுவான், நான் பக்கத்தில். விளையாட்டுக்கு ஏதோ நீளமாக இங்கிலீஷ் பெயர், நாங்கள் அதைப் படகு என்றுதான் சொல்வோம். இடது கை முட்டிக்குக் கீழே அவனுக்கு நாளத்தையும் தமனியையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள், டயாலிசிஸ் ஊசி போடுகிற இடம், தோலுக்கு அடியில் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும், விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது அதிர்ந்துகொண்டே இருக்கும், பூனையின் வயிற்றில் கை வைத்த மாதிரி. யாழினிகூட அதற்குப் பூனை என்றுதான் பேர் வைத்திருந்தாள். விளையாட்டில் அலை மோதும்போதெல்லாம் கண்ட்ரோலரும் அதிரும். ஒருநாள் அவன் என் ஒரு கையைக் கண்ட்ரோலரில் வைத்தான், இன்னொரு கையைத் தன் கைப்புடைப்பில் வைத்தான், “எது நிஜம், எது மெஷின், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுக்கா” என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே சரியாகச் சொன்னேன். இப்போது கேட்டால் சொல்வேனா. இப்போது எதிலிருந்து எந்த அதிர்வு வந்தாலும், பேருந்து சீட்டிலிருந்து வந்தாலும், லேபில் ரத்தத்தைச் சுழற்றுகிற மெஷினிலிருந்து வந்தாலும், அது அவன் கையிலிருந்து வருகிறது. லேபில் அந்த மெஷின் ஓடும்போது நான் மேசையில் கை வைப்பதில்லை. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

கடைசிக் காட்சி வந்தது மே மாதம், ஒரு வியாழக்கிழமை. விளையாடுகிறவன் இருப்பது பின்னால் வருகிற ஓட்டைப் படகில். முன்படகில் இருப்பவள் அவனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்குத் துடுப்புப் போடுகிறாள், புயல், அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அந்த இடத்தில் கடல் அப்படியே நின்றுவிடும், திரையில் இரண்டே வழி. கயிற்றை அறுத்துவிட்டால் அவள் தப்பிப்பாள். பிடித்திருந்தால் இரண்டு பேரும் கரை சேர்ந்தாலும் சேரலாம், மூழ்கினாலும் மூழ்கலாம். மாறன் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் நீட்டினான். “நீ அழுத்துக்கா.” நான் வாங்கவில்லை. டீ வெச்சேன்டா, பொங்கிடப் போகுது என்று எழுந்து அடுக்களைக்குப் போனேன். டீ வைத்திருக்கவே இல்லை. போய்த்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன, பாட்டு வந்துகொண்டிருந்தது. என்னடா பண்ணின என்று கேட்டேன். “உனக்குத் தெரியாதா” என்றான். சொல்லிவிட்டு டீயை ஊதினான். அவனுக்கு அளவுத் தண்ணீர்தான், அரை டம்ளருக்கு மேல் கூடாது, அதை அவ்வளவு மெதுவாகக் குடிப்பான்.

ஏன் வாங்கவில்லை, ஏன் எழுந்து போனேன். ரிப்போர்ட். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. மேகலாவின் ரத்தப் பிரிவு சேரவில்லை, அம்மா அப்பா இருவரும் இல்லை, கிட்னி கொடுக்கப் பொருத்தம் பார்க்க மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். பிப்ரவரி கடைசியில் ரத்தம் கொடுத்தேன், எங்கள் லேபில் செய்கிற பரிசோதனை இல்லை அது, சென்னைக்குப் போய் வரும். மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்தே காலுக்கு என் போனுக்கு வந்தது, நான் ஒரு கைக்குழந்தைக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். பாத்ரூமில் நின்று படித்தேன். அந்த மாதிரிக் காகிதத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நன்றாகப் பொருந்தியிருந்தது. அன்று சாயந்திரம் மாறன் கேட்டான், “ரிப்போர்ட் வந்துச்சாக்கா?” இன்னும் வரலைடா என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று. மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சொல்ல வேண்டுமென்றால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியே நாள் கனத்துக்கொண்டே போயிற்று. அவன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஒரே ஒரு தடவைதான் கேட்டான், அது எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. லேபில் தினம் நூறு பேர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று குனிந்து கேட்கிறார்கள், ரிப்போர்ட் வந்துடுச்சா மேடம், ரிப்போர்ட் வந்துடுச்சா. வந்துடுச்சும்மா என்று எடுத்துக் கொடுக்கிறேன்.

என் மாமியார் சொல்லாமல் இல்லை, ரெண்டு பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு இதெல்லாம் யோசிச்சுச் செய்யணும் என்று ஒரு தடவை சொன்னார், அவரைக் காரணமாக்கிப் பல நாள் ஓட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் உன் இஷ்டம், நான் குறுக்க நிக்கலை என்றுதான் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. எனக்குப் பயம். கத்தி என் இடுப்பில் இறங்குவதை நினைத்தால் பயம், மயக்க மருந்து பயம், ஒன்றை எடுத்த பிறகு மிச்சமிருக்கிற ஒன்றும் கெட்டுப்போனால் என்று பயம், ஊசிக்கு இந்தப் பக்கம் நின்றே பழகிய உடம்பின் பயம். பிறகு கணக்குப் போடுவேன், மார்ச்சிலேயே சொல்லியிருந்தாலும் இன்னும் எத்தனை டெஸ்ட், எத்தனை கையெழுத்து, அரசாங்கக் கமிட்டி வேறு, எப்படியும் ஜூலைக்குள் நடந்திருக்காது, ஜூலையில் அவனுக்கு வந்தது நிமோனியா காய்ச்சல், நாலே நாள், அது எப்படியும் வந்திருக்கும். இந்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாக வரும். சரியாக வந்த உடனே பின்னால் அவன் குரல் வரும், உனக்குத் தெரியாதா. அவன் கேலியாகச் சொன்னானா, தெரிந்து சொன்னானா. தெரிந்திருந்ததா அவனுக்கு. தெரிந்துதான் கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினானா.

அதுதான் நீலப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த வியாழக்கிழமை நான் அடுக்களையில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் விரல் எதை அழுத்திற்று என்பது. அறுத்திருந்தால், போக்கா, நீ கரைக்குப் போ என்று என்னை விட்டுவிட்டான், விட்டுவிட வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டு விட்டான், அதை என்னால் தாங்க முடியாது. பிடித்திருந்தால், மே மாதத்திலும் அவன் என்னை நம்பிக்கொண்டிருந்தான், ஜூலை வரை நம்பிக்கொண்டிருந்தான், அதையும் தாங்க முடியாது. இரண்டில் எது தேவலை என்று தராசு பிடிக்கிறேன், இரண்டு கையிலும் இரண்டு பெட்டி, பார்க்கிறவர்களுக்கு நான் எடை பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். போன பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனபோது நான் மட்டும் ஹாலில் பழைய மெஷினை முடுக்கினேன். யார் விளையாடுகிறீர்கள் என்று கேட்டது. இரண்டு பெயர், யாழினி, மாறன். அவன் பெயருக்கு மேல் மீன் படம். மீனை அழுத்தினேன், வரவேற்கிறேன் மாறன் என்று எழுதிக் காட்டிற்று, அதற்கு ஒன்றும் தெரியாது, யார் வந்து அழுத்தினாலும் அவன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறது. படகு விளையாட்டுக்கு எதிரே ‘முடிந்தது’ என்று மட்டும் இருந்தது. எப்படி முடிந்தது என்று இல்லை. மாடியிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது, பிளக்கையே பிடுங்கிவிட்டேன்.

அப்படியென்றால் பச்சை. பச்சையில் அவன் இல்லை, மீன் இல்லை, புது மெஷின், சுத்தமான ஆரம்பம், படமும் பளிச்சென்று இருக்கும், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீலப் பெட்டியை அடுக்கில் செருகிவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். போடுங்க பாய் என்றேன். அவர் பில் புத்தகத்தை இழுக்கும்போது பிரித்துப் போட்டிருந்த கண்ட்ரோலரில் எதையோ தொட்டுவிட்டார் போலிருக்கிறது, மோட்டார் உயிர் வந்து மேசைக் கண்ணாடியில் அதிர்ந்தது, கண்ணாடியிலிருந்த என் கைக்குள் ஏறிற்று. பூனை. கையை எடுத்தேன். “ஓடுதுங்க, சரியாயிடுச்சு” என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அதே நேரம் போன் வந்தது, யாழினி. “அத்தை, எங்க இருக்கீங்க? வாங்கிட்டீங்களா?” வாங்கிட்டே இருக்கேன்டா. “கேக் வெட்டின உடனே போட்டுடணும். நீங்க பக்கத்துல உக்காருங்க, அப்பாகூட உக்காருவீங்கல்ல, அந்த மாதிரி. எனக்கு முதல் பாகம் கடைசில என்ன ஆச்சுன்னே தெரியாது, நீங்கதான் சொல்லணும்.” சரிடா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் புரிந்தது. பச்சையைப் போட்டால் ஆரம்பத்தில் அந்தக் கேள்வி வரும், பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள், அப்பா என்ன பண்ணினார் அத்தை. நான் ஏதாவது ஒன்று சொல்வேன். எதை வேணா சொல்லிக்கலாம். யோசிக்கக்கூட மாட்டேன், வாய் தானாகச் சொல்லும், வரலைடா என்று சொன்ன அதே வாய். இந்தத் தடவை அவன் குரலில் சொல்லும். நீலத்தைப் போட்டால் அவன் செய்தது திரையில் வரும், நான் தெரியாதவள் மாதிரிப் பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எந்தப் பெட்டியைக் கொண்டு போனாலும் அந்த ஹாலில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள் ஒரே ஆள்தான்.

ஒரு நிமிஷம் பாய் என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வந்தேன். கீழே தெருவில் வெயில், ஆட்டோ சத்தம். மேகலாவைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்க அண்ணி. பலூன் ஊதிக்கிட்டிருக்கோம். கேம் கிடைக்கலையா?”

“கிடைச்சிடுச்சு. மேகலா, கொஞ்சம் தனியா வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தமெல்லாம் தூரத்துக்குப் போயிற்று.

“மாறனுக்குப் பொருத்தம் பாக்க நான் ரத்தம் குடுத்தேன்ல. அந்த ரிப்போர்ட் வரலை, வரலைன்னு சொன்னேன்ல. அது மார்ச் பதினொண்ணே வந்துடுச்சு. பொருந்துதுன்னுதான் வந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். ஒருவர் படியேறி வந்து, என்னைத் தாண்டிக் கடைக்குள் போனார்.

“மார்ச்லயா” என்றாள்.

“ஆமா.”

“ஏன் அண்ணி?”

வைத்திருந்த காரணமெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

“பயந்துட்டேன்.”

“ஏப்ரல்ல உங்க லேபுக்கே வந்தேன் நான்” என்றாள் மேகலா. அவள் குரல் ஏறவில்லை, யாருக்கோ வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “லீவு போட்டுட்டு வந்தேன். வந்துடுச்சான்னு கேட்டேன். இல்லைன்னீங்க. வெயில்ல வந்திருக்கியே, உக்காருன்னு ஃபேனைப் போட்டீங்க. மோர் வாங்கிக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியலை மேகலா. ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.”

அவள் அழுகிறாளா என்று காதைக் கூர்ந்து வைத்துக் கேட்டேன், மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

“இன்னைக்கு வராதீங்க” என்றாள். “என்னால முடியாது. யாழினிகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன். எல்லாத்தையும் அவகிட்ட இப்ப சொல்ல மாட்டேன். பெரியவளானதும் நீங்கதான் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“கேமை யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. பிள்ளை காத்துக்கிட்டிருக்கு.”

அப்போது நான் கேட்டேன், கேட்பதற்கு இதுதானா நேரம் என்று தெரிந்தே கேட்டேன், “எதுல வாங்கட்டும்?”

“அவர் மெஷின்ல ஓடுறது” என்றாள். வைத்துவிட்டாள்.

படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, கால்தான் நடுங்கிற்று, ரத்தம் கொடுத்துவிட்டு உடனே எழுந்து நின்றவர்களுக்கு நடுங்குமே, அப்படி. அவர்களை உட்கார வைத்துக் காலை நீட்டச் சொல்வேன், நானும் காலை நீட்டிக்கொண்டேன். லேசாகிவிடும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன், சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று, லேசாகவெல்லாம் இல்லை, பாரம் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அதற்கு இன்னொருத்தியும் சாட்சி. ஆறரை மணிக்குள் யாழினி நீலப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடுவாள். மெஷின் யார் விளையாடுகிறீர்கள் என்று கேட்கும். தன் அப்பா என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், மேகலாவுக்கும் தெரிந்துவிடும், மேகலா அதைப் பார்க்கிறபோது இன்று நான் சொன்னதையும் சேர்த்துப் பார்ப்பாள். எனக்கு அவர்கள் சொன்னால்தான் உண்டு. நான் கேட்க மாட்டேன். கேட்கிற இடத்தில் இப்போது நான் இல்லை.

எழுந்து உள்ளே போனேன். பச்சையைத் திருப்பிக் கொடுத்து நீலத்தைக் கேட்டேன், ஐந்தரைக்குள் வீட்டில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டேன். மருமகன் அந்தப் பக்கம் வண்டியில் போகிறான், கொடுத்துவிடலாம் என்றார் ஜபருல்லா. பெட்டிக்கு மேல் பழுப்புக் காகிதம் சுற்றி, முகவரியை எழுதிக்கொண்டார், பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டார். “யார் அனுப்பினதுன்னு போடணும் மேடம்?” என்றார்.

“மங்கையர்க்கரசி.”

“அத்தைதான நீங்க? பிள்ளை போன்ல கூப்பிட்டது இங்க கேட்டுச்சே. அத்தைன்னு போட்டா பிள்ளைக்குச் சந்தோஷமா இருக்கும்.”

“பேரே போதும் பாய்.”

அவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, பேனாவை வைத்தபடி நிமிர்ந்தார். நீளமான பேரா இருக்கே, ஒரு தடவை மெதுவாச் சொல்லுங்க என்றார். நான் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அவர் எழுத எழுத, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.